தலைகீழாக நின்று படித்த பெட்டி

சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. தொலைக்காட்சியோடு அதை இணைத்து, மேல் மூடியைத் திறந்து, கறுப்புத் தட்டு ஒன்றை உள்ளே பொருத்தி, மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் விளையாட்டு தொடங்கும். ஒரு வருடம், இரண்டு வருடம் ஒழுங்காகத் தொடங்கும். பிறகு ஒருநாள் அடம்பிடிக்கும். தட்டைச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டாலும் மசியாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது வந்து, "இவ்வளவுதானே? பெட்டியைக் கவிழ்த்துப் போடு" என்பான். கவிழ்த்துப் போட்டால், விளையாட்டு ஓடும்!

இது கட்டுக்கதை இல்லை. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் பெட்டிகள் இப்படித்தான் குப்புறக் கவிழ்ந்தும் ஒருக்களித்தும் கிடந்தன. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த வைத்தியம் பலித்தது.

கவிழ்த்தால் தட்டு கழன்று விழாதா என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. விழாது. தட்டின் நடு ஓட்டை போய் உட்காரும் குமிழில் சின்னச் சின்னப் பிடிகள் உண்டு. தட்டை அழுத்தியதும் அவை 'டக்'கென்று கவ்விக்கொள்ளும்.

இப்போது துப்பறியலாம். ஒரு பெட்டியைக் கவிழ்த்தால் அதற்குள் என்ன மாறும்? மின்சாரத்துக்கு மேலும் கீழும் தெரியாது. கம்பி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஒளிக்கும் அப்படித்தான். மாறுவது ஒன்றே ஒன்று: பொருள்களின் எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. அப்படியானால் கோளாறு மின்சுற்றில் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தில் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறக்கவே இல்லை, அதற்குள் பாதி வழக்கு முடிந்துவிட்டது!

ஆடுவது எது என்று கண்டுபிடிக்க, பெட்டி தட்டை எப்படிப் படிக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டியது. சோனி நிறுவனத்துப் பொறியாளர் கென் குதராகியை அதன் தந்தை என்பார்கள். அதுவரை வீட்டு விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் கேட்ரிட்ஜ்தான். தீப்பெட்டிக்கு அண்ணன் போன்ற ஒரு பிளாஸ்டிக் கூடு, உள்ளே மின்னணுச் சில்லு. செருகினால் போதும். சுற்றுவதும் இல்லை, தேய்வதும் இல்லை. அவ்வளவு நல்ல பொருளை விட்டுவிட்டு ஏன் சுழலும் தட்டுக்குப் போனார்கள்? இடம்தான் காரணம். 1996-இல் வந்த நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜையே நம்பியது. அதன் மிகப் பெரிய கேட்ரிட்ஜில் 64 மெகாபைட் அடங்கும். ஒரு சி.டி.யிலோ 650 மெகாபைட். 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7' என்ற விளையாட்டு, சி.டி.யே மூன்று கேட்டது. அதைப் போய் கேட்ரிட்ஜில் அடைப்பது அண்டாவைச் சொம்புக்குள் அடைக்கிற வேலை. போதாததற்கு, சில்லு செய்வதைவிடத் தட்டு அச்சடிப்பது மலிவு.

ஆக, இடம் கிடைத்தது. கூடவே சுழலுகிற, நகருகிற, தேய்கிற உறுப்புகளும் வந்து சேர்ந்தன.

ஒரு சி.டி.யைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுத் தட்டே வேண்டும் என்பதில்லை, பழைய பாட்டு சி.டி. இருந்தாலும் போதும். குறுக்களவு 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஒரு பாதையில்தான் இருக்கிறது. கொசுவத்திச் சுருளைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி விளிம்புவரை போகும் பாதை. கொசுவத்தியில் ஐந்தாறு சுற்று இருக்கும். சி.டி.யில் ஏறக்குறைய 20,000 சுற்று! பிரித்து நீட்ட முடிந்தால் 5 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றைத் தட்டின்மேல் குறுக்கே வைத்தால், அதன் அகலத்துக்குள் நாற்பது ஐம்பது சுற்றுகள் அடங்கிவிடும்.

பாதை நெடுகச் சின்னச் சின்னக் குழிகள். பல்லாங்குழிப் பலகைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பல்லாங்குழியில் எல்லாக் குழியும் ஒரே அளவு. இங்கே சில குழி குட்டை, சில நெட்டை. மொத்தம் ஒன்பது நீளங்கள். மிகக் குட்டையானது ஒரு மைக்ரானுக்கும் குறைவு, மிக நீளமானது மூன்று மைக்ரானுக்குச் சற்று மேல். எந்த நீளக் குழி, அதற்குப் பின் எந்த நீள மேடு என்ற வரிசைதான் எழுத்து. கார் பந்தயம், பாட்டு, அரக்கனின் உறுமல் எல்லாமே அந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கின்றன.

குழிகள் தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன தெரியுமா? பளபளக்கும் அடிப்பக்கம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கிடையாது. படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. அடியில் இருப்பது பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் குழிகள். குழிகளின்மேல் பூச்சாக அலுமினியம், அதன்மேல் மெல்லிய அரக்கு, அதன்மேல் படம். அதனால் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் மெருகேற்றிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. படம் இருக்கும் பக்கம் ஆழமாகக் கீறினால் எழுத்தே போய்விடும். நாம் அடிப்பக்கத்தைக் கண்ணாகக் காத்து, மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுகிறோம். திருடனுக்கு முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைக்கிற கதைதான்.

இந்தக் குழியைத் தொட்டுப் பார்க்க எந்த ஊசியாலும் ஆகாது. ஒளிதான் தொட வேண்டும். தட்டுக்குக் கீழே ஒரு குட்டி லேசர், அதற்குமேல் ஒரு லென்ஸ். லேசரின் ஒளி லென்ஸ் வழியாக மேலே போய், பிளாஸ்டிக்கைக் கடந்து, அலுமினியத்தில் பட்டுத் திரும்பி வரும். மேட்டில் பட்டால் ஒளி நன்றாகத் திரும்பும். குழியில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். குழியின் ஆழம் ஒளி அலையின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அதில் பட்ட ஒளி, போகக் கால், வரக் கால் என்று அக்கம்பக்கத்து ஒளியோடு அரை அலை பிசகித் திரும்பும். ஊஞ்சலை ஒருவர் முன்னால் தள்ளும்போதே இன்னொருவர் பின்னால் இழுத்தால் என்ன ஆகும்? ஊஞ்சல் நின்றுவிடும். அதுபோல இரண்டு ஒளியும் ஒன்றையொன்று அமுக்கிக்கொள்ளும். கருவிக்கு இருட்டாகத் தெரியும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், நீண்ட இருட்டு... இதைப் பார்த்துப் பார்த்தே பெட்டி படிக்கிறது.

கறுப்புத் தட்டு என்று சொன்னேன் அல்லவா? முதல் பிளேஸ்டேஷனின் விளையாட்டுத் தட்டுகளின் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்றிருக்கும். கறுப்புக்குள் ஒளி எப்படிப் புகும்? தொலைக்காட்சி ரிமோட்டின் மூக்கைப் பாருங்கள். பல ரிமோட்டுகளில் அங்கே கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஆனாலும் உள்ளேயிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதைத் தாண்டித்தான் தொலைக்காட்சிக்குப் போகிறது. சி.டி. படிக்கும் லேசரும் அகச்சிவப்பை ஒட்டியதுதான், அலைநீளம் 780 நானோமீட்டர். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற பிளாஸ்டிக் அந்தக் கதிருக்குக் கண்ணாடி மாதிரி. கள்ளத் தட்டைத் தடுக்கத்தான் கறுப்பு நிறம் என்று ஒரு வதந்தி உண்டு. அது தவறு. அசல் தட்டில், நடுப்பகுதியின் பாதை மிக நுட்பமாக நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவிலேயே ஒரு ரகசியச் சொல் பொதிந்திருக்கும். வீட்டில் சி.டி. எழுதும் கருவியால் அப்படி நெளித்து எழுத முடியாது. காவலாளி அந்த நெளிவுதான். கறுப்பு நிறம் அழகுக்கு.

சரி, ஒளி படிக்கிறது. ஆனால் பாதையை விட்டு விலகாமல் எப்படிப் படிக்கிறது? எனக்கு இந்தப் பெட்டியில் மிகப் பிடித்த இடம் இதுதான். தட்டு தட்டையாகத்தான் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும்போது அப்பளம் போல மேலும் கீழும் நெளியும். அரை மில்லிமீட்டர்கூட அசையலாம். லென்ஸுக்கும் குழிக்கும் உள்ள தூரமோ இரண்டு மைக்ரான் பிசகினாலே எழுத்து மங்கிவிடும். அதனால் தட்டு ஏறினால் லென்ஸும் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் இந்த ஆட்டம் முடிந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. திரும்பி வரும் ஒளி விழும் இடத்தில், தோசையை நான்காகக் கிழித்து வைத்தது போல நான்கு துண்டு ஒளி உணரி இருக்கும். தூரம் சரியாக இருந்தால் ஒளிப்புள்ளி வட்டமாக விழும், நான்கு துண்டுக்கும் சமமாக ஒளி கிடைக்கும். லென்ஸ் கிட்டே போய்விட்டால் வட்டம் முட்டை வடிவில் ஒருபக்கம் சாயும். தூரப் போனால் முட்டை மறுபக்கம் சாயும். எந்தத் துண்டுக்கு ஒளி அதிகம் என்று பார்த்தாலே எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உடனே லென்ஸைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கூடும் அல்லது குறையும், பக்கத்திலுள்ள காந்தம் லென்ஸை ஏற்றும் அல்லது இறக்கும். ஸ்பீக்கருக்குள்ளும் இதே காந்தமும் கம்பிச்சுருளும்தான். அங்கே அட்டைக் கூம்பு ஆடிப் பாட்டு வருகிறது. இங்கே லென்ஸ் ஆடுகிறது.

மேலே கீழே போலவே இடம் வலமாகவும் லென்ஸ் நகரும். ஆனால் மிகக் கொஞ்சம்தான். நடுவிலிருந்து விளிம்புவரை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பயணம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? லேசரையும் லென்ஸையும் சேர்த்து ஒரு சின்ன வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்ற, அந்த வண்டி தண்டவாளத்தில் மெதுவாகச் சறுக்கிப் போகும்.

வழக்கு இங்கேதான் சூடுபிடிக்கிறது. லேசர் அபூர்வமான பொருள். லென்ஸ் அதைவிட நுட்பம். ஆனால் வண்டி? பழைய மாட்டுவண்டி கதைதான். ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து நகர்கிறது. முதலில் வந்த பிளேஸ்டேஷன்களில் அந்த வண்டியும் அது உராயும் பகுதியும் பிளாஸ்டிக். உராயும் பிளாஸ்டிக் தேயும். அதுவும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி தேயாது, ஒருபக்கம் அதிகமாகத் தேயும். போதாக்குறைக்கு இந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே பெட்டிக்கு மின்சாரம் தரும் பலகையை வைத்துவிட்டார்கள். அது எப்போதும் சுடும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், இளகியது இன்னும் வேகமாகத் தேயும். அடுப்புக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்திப் பெட்டியை வைத்தது போல.

தேய்மானம் எவ்வளவு? கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாத அளவு. ஆனால் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். தேரின் ஒருபக்கச் சக்கரம் மண்ணில் நாலு விரற்கடை புதைந்தால், உச்சியில் இருக்கும் கலசம் எவ்வளவு சாய்கிறது! வண்டியின் ஒருபக்கம் துளி இறங்கினாலே அதன்மேல் இருக்கும் லேசர் சாய்ந்துவிடும். நேராகப் போக வேண்டிய ஒளி கோணலாகப் போய்த் தட்டில் படும், திரும்பும் ஒளியும் கோணலாக வரும். லென்ஸ் எவ்வளவுதான் ஏறி இறங்கினாலும் சாய்வை நிமிர்த்த அதற்குத் தெரியாது.

அதுதான் கவிழ்க்கும் வைத்தியத்தின் ரகசியம். பெட்டியைக் கவிழ்த்தால், தேய்ந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்த வண்டி எடையால் மறுபக்கம் விழும். அந்தப் பக்கம் இன்னும் தேயவில்லை. எனவே லேசர் நிமிர்ந்து நிற்கும், தட்டு படிக்கும். நாளாவட்டத்தில் அந்தப் பக்கமும் தேயும். பிறகு பெட்டியை எப்படித் திருப்பினாலும் கதைக்கு உதவாது.

கோளாறு தலைகாட்டுவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. விளையாட்டு நன்றாகவே ஓடும், ஆனால் நடுவில் வரும் சினிமாப் படம் மட்டும் விக்கி விக்கி வரும். ஏன் படம் மட்டும்? விளையாட்டுக்கு வேண்டியதைப் பெட்டி முதலிலேயே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். படிக்கும்போது ஓரிடம் புரியாவிட்டால் திரும்பிப் போய் மறுபடி படிக்கலாம். நமக்குத் தெரிவது, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறோம் என்பது மட்டும்தான். சினிமாவோ ஓடுகிற ஆறு. நொடிக்கு 150 துண்டுகள் வீதம் தட்டிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு துண்டு தவறினால் திரும்பிப் போக நேரம் கிடையாது, படம் தடுக்கி விழும். அதனால்தான் சாய ஆரம்பித்த லேசர் முதலில் சினிமாவில் மாட்டிக்கொள்கிறது.

இவ்வளவு மென்மையான ஏற்பாடு ஒரு கீறலைக்கூடத் தாங்காதே என்று தோன்றும். தாங்கும். எழுதும்போதே அதற்கு வழி செய்திருக்கிறார்கள். பத்துச் சொற்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் பத்துப் பக்கங்களில் பிரித்துப் பிரித்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஆடு தின்றுவிட்டது. எந்தச் சொல்லும் முழுதாகப் போகாது, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துதான் போகும். 'வாழைப்ப_ம்' என்று இருந்தால் நடுவில் என்ன எழுத்து என்று உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமா? சி.டி.யும் எழுத்துகளை இப்படிக் கலைத்துப் போட்டு, ஊகிக்க உதவியாகச் சில கூடுதல் எண்களையும் சேர்த்தே எழுதுகிறது. அந்தக் கணக்கை இர்விங் ரீட், கஸ்டேவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்டார்கள். சி.டி. கடைக்கு வந்ததோ 1982-இல். பாதையில் ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு எழுத்து காணாமல் போனாலும் அந்தக் கணக்கு மீட்டுக் கொடுத்துவிடும். தட்டின் அடிப்பக்கத் தூசும் பெரிய எதிரி இல்லை. ஒளி தட்டுக்குள் நுழையும் இடத்தில் முக்கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும், உள்ளே போகப் போகத்தான் ஒரு புள்ளியாகக் குவியும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய தூசு தெருவைப் பார்க்கிற உங்கள் கண்ணை மறைப்பதில்லையே, அப்படித்தான்.

சரி, படிக்காத பெட்டி ஒன்று மேசைமேல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் திரையைப் பாருங்கள். இயக்கியதும் முதலில் ஒரு வெள்ளைத் திரை வரும். அதற்குத் தட்டே வேண்டாம், பெட்டி தன் நினைவிலிருந்தே காட்டிவிடும். அடுத்து ஒரு கறுப்புத் திரையில் பிளேஸ்டேஷன் சின்னம் வரும். தட்டைப் படித்து, அசல்தான் என்று உறுதி செய்த பிறகுதான் இது வரும். வெள்ளை வருகிறது, கறுப்பு வரவில்லை என்றால், பெட்டியின் மூளைக்கு ஒன்றும் இல்லை. படிக்கும் பகுதியில்தான் சிக்கல். தட்டு சுழலவே இல்லையா? மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடி மூடியதும் ஒரு சின்ன நாக்கு உள்ளே இருக்கும் விசையை அழுத்த வேண்டும். அது உடைந்திருந்தால், மூடி திறந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்டி சும்மா இருக்கும். லேசரைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டு சுழல்கிறது, 'டக் டக்' என்று சத்தமும் வருகிறது என்றால் வண்டி பாதை தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கலாம். தொடக்கம் நன்றாக வந்து, போகப் போகத் தடுமாறினால் தண்டவாளத்தில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். பாதை உள்ளேயிருந்து வெளியே போகிறது என்பது நினைவிருக்கிறதல்லவா? இவற்றோடு, ஒரு பாட்டு சி.டி.யையும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டி பாட்டும் பாடும். அதற்குப் பாதி வேகம் போதும் என்பதால், விளையாட்டுத் தட்டைப் படிக்க முடியாத லேசர்கூடச் சிலசமயம் பாட்டுத் தட்டைச் சமாளித்துவிடும்.

இனிமேல் பெரியவர்கள் வேலை. இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே வீட்டு மின்சாரம் நேராக வந்து இறங்கும் பலகை இருக்கிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கி கொஞ்சநேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விவரம் தெரிந்த பெரியவர்தான் திறக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். பெட்டி ஓடும்போது லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். நம் கண்ணுக்கு அந்தக் கதிர் சரியாகத் தெரியாததால்தான் அது மங்கல், ஒளி குறைவு என்பதால் அல்ல.

முதல் வேலை துடைப்பது. தட்டின் தூசு பெரிதில்லை என்றேன். லென்ஸின் தூசு அப்படியில்லை. பல வருடப் புகையும் பிசுக்கும் படிந்தால் ஒளி மங்கிவிடும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, லென்ஸை நோகாமல் துடைக்க வேண்டும். லென்ஸ் மிக மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அதோடு கதை முடிந்தது. பிறகு தண்டவாளம். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸைத் துளியூண்டு தடவ வேண்டும். மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கு மசகு போடுவாரே, அதே வேலைதான். சமையல் எண்ணெய் ஊற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அந்தப் பக்கமே விடாதீர்கள். நாள்பட்டால் அது பசையாகிவிடும். பல பெட்டிகள் இந்த இரண்டு வேலையிலேயே பிழைத்துக்கொள்ளும்.

வண்டி தேய்ந்தே போயிருந்தால் துடைத்துப் பயனில்லை. தேய்ந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை முட்டுக்கொடுத்து நிமிர்த்தியவர்கள் உண்டு. தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிற அதே யுக்தி. ஆனால் எத்தனை மைக்ரான் முட்டுக் கொடுப்பது? அது குத்துமதிப்புதான். லேசரோடு சேர்ந்த முழு அமைப்பையும் மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அது நாம் நினைப்பதைவிட எளிது. அதிர்வு தாக்காமலிருக்க ரப்பர் வளையங்களின்மேல் அதை உட்கார வைத்திருக்கிறார்கள். இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அப்படியே தூக்கினால் கையோடு வந்துவிடும். புதியது வரும்போது அதன் மின்பலகையில் ஒரு பொட்டு ஈயம் வைத்து இரண்டு புள்ளிகளை இணைத்திருப்பார்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அந்த நிலைமின்சாரம் நம் விரலில் கொஞ்சம் இருந்தாலே லேசருக்கு எமன். அதிலிருந்து காக்கத்தான் அந்த ஈயப்பொட்டு. பொருத்தும்போது அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, புது லேசரும் கெட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் நிறைய.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. லேசர் அமைப்பில் ஒரு குட்டித் திருகு இருக்கும். திருப்பினால் லேசருக்கு மின்சாரம் கூடும், ஒளி பிரகாசமாகும், படிக்காத தட்டைப் படிக்கும். கொஞ்ச நாளைக்கு! களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து மேட்டில் ஏற்றுகிற மாதிரிதான். லேசரின் ஆயுள் விறுவிறுவென்று கரையும். அதுவும், சாய்ந்துபோன லேசருக்கு ஒளியைக் கூட்டி என்ன பயன்? வியாதி காலில், மருந்து கண்ணுக்கு.

எல்லாப் பெட்டிக்கும் இதே வியாதி என்று எண்ணிவிடாதீர்கள். 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸில் தட்டு வைக்கும் தாம்பாளம் முன்னால் நீண்டு வரும். அதை நகர்த்துவது ஒரு ரப்பர் பட்டை. வருடங்கள் போனால் பட்டை தளர்ந்து வழுக்கும், தாம்பாளம் வெளியே வராது. அங்கே லேசரைத் தொடவே வேண்டாம், பட்டையை மாற்றினால் போதும். இன்னும் சிலர் படிக்கும் பகுதியையே கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நினைவக அட்டை வைத்த ஒரு மின்பலகையைப் பொருத்துகிறார்கள். சுழல்வது, நகர்வது, தேய்வது எதுவும் கிடையாது. சுற்றி வளைத்துப் பார்த்தால் பழைய கேட்ரிட்ஜ் காலத்துக்கே திரும்பிவிட்டார்கள்!

சோனி நிறுவனத்துப் பொறியாளர்களும் அந்தப் பிளாஸ்டிக் வண்டியை அப்படியே விட்டுவிடவில்லை. பின்னால் வந்த பிளேஸ்டேஷன்களில் வண்டியை உலோகத்தில் வார்த்தார்கள். மின்சாரப் பலகையின் சூடு எட்டாதபடி லேசரைத் தள்ளி வைத்தார்கள். அதனால் முதலில் வந்த பெட்டியின் மூடியையும் பின்னால் வந்ததன் மூடியையும் திறந்து அருகருகே வைத்தால், லென்ஸ் இருக்கும் இடம் மாறியிருப்பது தெரியும். பழைய பெட்டி வாங்கப் போகிறவர்களில் விவரமானவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறகு பெட்டியை நிமிர்த்தியே வைத்து, ஒரு கறுப்புத் தட்டைப் போட்டு, வெள்ளைத் திரை மறைந்து கறுப்புத் திரை வருகிறதா என்று காத்திருக்கிறார்கள்.